பொது ஏட்டுக்குப் பொது வடிவம்

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு, மைக்ரோசாப்ட் ஆபீஸின் 2016, 2019 பதிப்புகளுக்கு அந்நிறுவனம் வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின. முழு விலை கொடுத்து வாங்கப்பட்டு, யாதொரு பழுதுமின்றி இயங்கிக்கொண்டிருந்த மென்பொருள்கள், விற்றவர் குறித்துவைத்த நாள் வந்துவிட்டது என்ற ஒரே காரணத்தால் காலாவதியாகிவிட்டன. இனிப் புதிய பதிப்பை வாங்க வேண்டும். இல்லையேல் ஆண்டுதோறும் சந்தா கட்டிவர வேண்டும். தாலுகா அலுவலகம் முதல் தலைமைச் செயலகம் வரை கணினியின்றி ஒரு காரியமும் நடவாத இக்காலத்தில், பழக்கத்தின் வேகத்தில் மறுபடியும் பணத்தைக் கட்டிவிட்டு வாளாவிராமல், சற்று நின்று யோசிக்க வேண்டிய தருணம் இது. தமிழக அரசின் அலுவலகங்கள் லிப்ரே ஆபீஸ் போன்ற, இலவசமாகக் கிடைக்கும் திறந்த மூல மென்பொருளுக்கு மாற வேண்டும் என்பது நம் தீர்மானமான அபிப்பிராயம். அதற்கு நாம் கூறும் முதற் காரணம் பணமன்று.

ஒரு பட்டா மாறுதல் உத்தரவையோ பணி நியமன ஆணையையோ எடுத்துக்கொள்வோம். அதைத் தட்டச்சு செய்த கணினி சில ஆண்டுகளில் கழிவாகிவிடும். தயாரித்த மென்பொருளும் வழக்கொழியும். கையொப்பமிட்ட அதிகாரியும் ஓய்வு பெற்றுச் செல்வார். ஆனால் அந்த உத்தரவோ, அதைப் பெற்றவரின் பேரப்பிள்ளைகள் நியாயம் கேட்டு நீதிமன்றப் படியேறும் நாளிலும் சாட்சி சொல்லக் கடமைப்பட்டது. அத்தகைய ஆவணத்தை, ஒரு தனி வியாபாரியின் மென்பொருளைக் கொண்டுதான் செவ்வையாகத் திறக்க முடியும் என்ற நிலையில் வைப்பது, பிரஜைகளின் சொத்துப் பத்திரங்களைப் பெட்டியிலிட்டுப் பூட்டிச் சாவியை அயலாரிடம் ஒப்படைப்பதற்கே ஒப்பாகும்.

இவ்வபாயத்தைத் தமிழர் அனுபவத்திலேயே கண்டவர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு குறியேற்றத்தை வகுத்துத் தமிழ் எழுத்துருக்களை விற்ற காலத்தில், நம் அலுவலகங்கள் ஆண்டுக்கணக்கில் வானவில் எழுத்துருக்களில் கடிதங்களையும் ஆணைகளையும் அடித்துச் சேமித்தன. அந்த எழுத்துரு நிறுவப்படாத கணினியொன்றில் அக்கோப்பை இன்று திறந்து பாருங்கள்: தலைப்பில் ‘ந.க. எண்’ இருக்க வேண்டிய இடத்தில் தொடங்கி, பக்கம் முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அடையாளக் குறிகளும் கலந்த, பொருளற்ற வரிசையே தோன்றும். 2010 ஜூனில் அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றபின் புதிய ஆவணங்களுக்கு அக்கேடு நீங்கிற்று. எழுத்துக்குச் செய்த அந்நன்மையைக் கோப்பின் வடிவத்துக்கும் செய்வதே எஞ்சி நிற்கும் கடமை.

அதற்குரிய சாதனமும் ஆயத்தமாகவே இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் இயல்பாகப் பயன்படுத்தும் ஓ.டி.எஃப். என்னும் திறந்த ஆவண வடிவம் 2006இலேயே ஐ.எஸ்.ஓ.வின் சர்வதேசத் தரமாயிற்று. அவ்வடிவில் அமைந்த கடிதமொன்றின் பெயரின் இறுதியிலுள்ள ‘ஓடிடி’யை நீக்கி ‘ஜிப்’ என்று மாற்றித் திறந்தால், ‘கன்டென்ட்.எக்ஸ்எம்எல்’ என்றொரு கோப்பு உள்ளே கிடைக்கும்; அதனை மிகச் சாதாரணமான நோட்பேடில் திறந்தாலும், குறிகளுக்கு நடுவே கடிதத்தின் வாசகம் அட்சரம் பிசகாமல் கண்ணுக்குத் தெரியும். மைக்ரோசாப்டின் வடிவமும் 2008இல் ஐ.எஸ்.ஓ.வின் அங்கீகாரத்தைப் பெற்றது என்பதை மறைப்பது நேர்மையாகாது. ஆயினும், ஆறாயிரம் பக்கங்களுக்கு மேல் நீண்ட விவரணத்துடன் அது முன்வைக்கப்பட்டபோது இந்தியா எதிர்த்தே வாக்களித்தது என்பதும், அந்நிறுவனத்தின் மென்பொருள் வழக்கமாகச் சேமிப்பது அத்தரத்தின் கண்டிப்பான வகையை அன்று, பழைய வழக்கங்களுக்கு இடங்கொடுக்கும் தளர்ந்த வகையையே என்பதும் உடன் நினைக்கத்தக்கவை.

இலவசமாகக் கிடைப்பது எத்தனை நாள் நிலைக்கும் என்ற சந்தேகத்துக்கு லிப்ரே ஆபீஸின் சரித்திரமே சமாதானம் கூறும். ஜெர்மானிய நிறுவனம் ஒன்றின் ஸ்டார் ஆபீஸை 1999இல் சன் நிறுவனம் வாங்கி, மறு ஆண்டே அதன் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டது. ஓப்பன் ஆபீஸ் பிறந்தது. 2010இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கிக்கொண்டபோது, புதிய உரிமையாளரின் போக்கில் நம்பிக்கை இழந்த நிரலாளர்கள், அதே ஆண்டு செப்டம்பரில் அந்நிரலை எடுத்துக்கொண்டு தனிவழி சென்றார்கள். இன்று உலகெங்கும் பயன்படும் லிப்ரே ஆபீஸ் அவ்விதம் தோன்றியதே. நிறுவனம் கைமாறியது, மென்பொருளோ கைவிடப்படவில்லை. மூலநிரல் மூடிவைக்கப்பட்ட மென்பொருளுக்கு இத்தகைய மறுவாழ்வு சித்திப்பதில்லை.

இம்மாற்றத்தை எதிர்ப்போர் தவறாமல் எடுத்துக்காட்டுவது ஜெர்மனியின் மியூனிக் நகரை. மைக்ரோசாப்டின் அப்போதைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மரே நேரில் சென்று மேயரைச் சந்தித்துப் பேசியும் மனம் மாறாமல், 2003இல் லினக்ஸ் என்னும் திறந்த மூல இயங்குதளத்துக்குச் செல்வதென்று முடிவெடுத்தது அந்நகர மன்றம். பத்தாண்டு பிரயாசையில் சுமார் 15,000 கணினிகள் மாற்றப்பட்டன. சிதறிக் கிடந்த மாதிரிப் படிவங்களை ஒழுங்குபடுத்த வோல்மக்ஸ் என்ற கருவியையும் நகராட்சியே உருவாக்கி, யாவரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது. இவ்வளவுக்கும் பின், ஆட்சித் தலைமை மாறிய நிலையில், 2017இல் அதே மன்றம் விண்டோஸுக்குத் திரும்புவதென்று வாக்களித்தது. ஆனால், அதற்கு முன் நடந்த ஆய்விலேயே, குறைகளுக்குப் பெருங்காரணம் லினக்ஸ் அன்று, பல துறைகளிடையே பிளவுண்டு கிடந்த கணினி நிர்வாகமே என்று சுட்டப்பட்டிருந்தது. 2020இல் அமைந்த புதிய கூட்டணியோ, இயன்றவிடமெல்லாம் திறந்த மூல மென்பொருளையே நாடுவதென்று மீண்டும் உறுதி கூறிற்று. ஆகவே மியூனிக் புகட்டும் பாடம் மாறலாகாது என்பதன்று. அரசியல் உறுதியும் ஒருமுகமான நிர்வாகமும் இன்றி மாற முற்படலாகாது என்பதே.

அப்பாடத்தை ஜெர்மனியே கற்றுக்கொண்டுவிட்டது. அந்நாட்டின் வடகோடி மாநிலமான ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன், 30,000 அரசுக் கணினிகளை லிப்ரே ஆபீஸுக்கு மாற்றுவதென 2024 ஏப்ரலில் அறிவித்தது. அது முதலில் இயங்குதளத்தில் கைவைக்கவில்லை. அலுவலக மென்பொருளையும் மின்னஞ்சலையும் முன்னே மாற்றிக்கொண்டு, விண்டோஸைப் பின்னர் விடுவதென்று படிப்படியாகச் செல்கிறது. ஊழியர் ஒரே நாளில் எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டிய சங்கடம் இதில் இல்லை. விவேகமான மார்க்கம் இதுவே.

அண்டை மாநிலத்தையும் பார்க்கலாம். கேரளம் தன் பள்ளிகளில் கணினிக் கல்வியையும் பத்தாம் வகுப்புக் கணினித் தேர்வையும் திறந்த மூல மென்பொருளிலேயே நீண்டகாலமாக நடத்திவருகிறது. இரண்டு லட்சம் பள்ளிக் கணினிகளில் இதனால் 3,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்று அம்மாநிலத்தின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் 2019இல் கூறிற்று. தமிழகம் இத்துறையில் பின்னே தொடங்கியதுமன்று. 2007 வாக்கிலேயே தமிழக அரசின் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை சூசே லினக்ஸுக்கும் ஓப்பன் ஆபீஸுக்கும் மாற்றிக் காட்டியது. பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளம், சென்னையிலுள்ள மத்திய அரசின் சி-டாக் மையத்தில் உருவானது. மாணவர்களுக்கு அரசு வழங்கிய மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பியின் ஆயுள் முடிந்தபோது பாஸ் லினக்ஸை நிறுவுமாறு துறைகளுக்கு அறிவுறுத்தப்பட்டது. ஆரம்பங்களுக்குக் குறைவில்லை, தொடர்ச்சியே இல்லாமற்போயிற்று.

மாற்றத்தில் சிரமமே இராது என்று நாம் சொல்லவில்லை. பழைய வேர்டு கோப்பை லிப்ரே ஆபீஸில் திறக்கும் எழுத்தர், இரண்டு பக்கத்தில் அடங்கிய அட்டவணை மூன்றாம் பக்கத்துக்குச் சரிவதைக் கண்டு முதல் நாளே மனம் சலிக்கக்கூடும். இது பெரும்பாலும் எழுத்துருவால் நேர்வது: விண்டோஸுடன் வரும் லதா எழுத்துரு இல்லாத கணினி வேறொன்றை இட்டு நிரப்ப, அகலம் மாறி வரிகள் இடம் பெயர்கின்றன. எல்லா அலுவலகங்களுக்கும் ஒரே யூனிகோடு எழுத்துருவையும், அதில் புதிதாக அமைத்த மாதிரிப் படிவங்களையும் முதலிலேயே அளித்துவிட்டால் இவ்வுபாதையின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். எக்செல்லின் மேக்ரோக்கள் என்னும் தானியங்கிக் கட்டளைகளை நம்பி நடக்கும் கணக்குப் பிரிவுகளின் நிலை வேறு. அவற்றைத் திருத்தியெழுதக் காலம் பிடிக்கும். அத்தகைய சில மேசைகளுக்கு மட்டும் பழைய உரிமத்தை நீட்டிப்பதில் தவறில்லை. ஆனால் கடிதமும் ஆணையும் அறிக்கையும் மட்டுமே தயாராகும் எண்ணற்ற மேசைகளை அந்தச் சிலவற்றின் பெயரால் பிணைத்துவைப்பது நியாயமன்று. பழுது நேர்ந்தால் பொறுப்பேற்பவர் யார் என்ற ஆட்சேபணைக்கும் விடையுண்டு: பணம் பெற்றுக்கொண்டு பராமரிப்பு வழங்கும் நிறுவனங்களும், பயிற்சி பெற்ற இளைஞர்களும் நம்மிடையே உள்ளனர், உரிமத்துக்குச் செல்லும் பணம் அவர்களுக்கு ஊதியமாகட்டும்.

இங்குதான் பணத்தைப் பற்றிய பேச்சு வருகிறது. உரிமக் கட்டணத்தில் மிச்சமாவதைப் பொதுக் கஜானாவில் கரைத்துவிடாமல், முதற்பகுதியை ஊழியர் பயிற்சிக்கும் மறுபகுதியைத் தமிழுக்கும் செலவிட வேண்டும். லிப்ரே ஆபீஸின் மூலநிரல் யாவருக்கும் திறந்திருப்பதால், அதன் தமிழ்ப் பிழைதிருத்தியையோ அகரவரிசைப்படுத்தலையோ செம்மை செய்ய ஒருவரிடமும் அனுமதி வேண்டி நிற்க வேண்டியதில்லை. சென்னையில் அரசு செலவில் திருத்தப்படும் ஒரு குறை, அன்றே யாழ்ப்பாணத்து ஆசிரியருக்கும், சிங்கப்பூர்ப் பத்திரிகையாளருக்கும், மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவருக்கும் திருத்தப்பட்டதாகும். வேறெந்தச் செலவில் இவ்வளவு பரந்த பிரயோஜனம் கிட்டும்?

மத்திய அரசு 2010இல் திறந்த தரங்களுக்கும், 2015இல் திறந்த மூல மென்பொருளுக்கும் கொள்கைகளை அறிவித்துவிட்டது. கொள்கைக்குப் பஞ்சமில்லை, வேண்டுவது ஓர் ஆணை. குறிப்பிட்ட நாளிலிருந்து அரசின் புதிய ஆவணங்கள் யாவும் ஓ.டி.எஃப். வடிவிலேயே சேமிக்கப்பட வேண்டும்; மாவட்டத்துக்கு ஓர் அலுவலகத்தில் தொடங்கி மென்பொருள் மாற்றம் படிப்படியாக விரிய வேண்டும்; ஆட்சி மாறினும் இடையில் அறுந்துவிடாதபடி அதனை ஒரே துறையின் முழுப் பொறுப்பில் விட வேண்டும். முதலமைச்சர் இம்மூன்றையும் இவ்வாண்டே ஆணையாகப் பிறப்பிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.