அடுக்களைக் கணக்கு

உதகமண்டலத்திற்கு மாற்றலாகி வந்த முதல் வாரத்தில் துவரம்பருப்பு என்னைத் தோற்கடித்தது. கூடலூரில் முக்கால் மணி நேரத்தில் குழைந்துவிடும் பருப்பு அது. அதே பாத்திரம், அதே அளவு நீர். இங்கே ஒன்றரை மணி நேரம் கொதித்த பின்னும் விரலிடையே மணிமணியாக உருண்டது. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று முடிவு செய்து மறுநாள் வேறு கடையில் வாங்கினேன். (தமிழாசிரியனுக்கு எந்தக் கோளாற்றிலும் முதலில் புலப்படுவது யாரோ ஒருவருடைய அறப்பிழைதான்.) அதுவும் வேகவில்லை. கல்லூரியின் இயற்பியல் துறை நண்பர் சிரித்துக்கொண்டே விளக்கினார். கூடலூர் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை 2,240 மீட்டரில். உயரம் கூடுந்தோறும் காற்றழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கடற்கரையில் 100 பாகையில் கொதிக்கும் நீர் கூடலூரில் 96, 97 பாகையிலும், உதகையில் 92, 93 பாகையிலும் கொதிக்கிறது. கொதித்த பிறகு அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் திறந்த பாத்திரத்து நீரின் சூடு அதற்குமேல் ஏறாது. நான் தீயைக் கூட்டியதெல்லாம் ஆவியைக் கூட்டியதோடு சரி. எரிவாயுவுக்குக் கொடுத்த காசு சன்னல் வழியே தொட்டபெட்டாப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

வீட்டை ஒழுங்குபடுத்துவது, சிக்கனமாகச் சமைப்பது என்று நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை சமவெளியில் எழுதப்பட்டவை. 1951இல் வெளிவந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ அருமையான நூல். புதிதாகக் குடித்தனம் தொடங்கிய எத்தனையோ பேருக்கு அது தாயாகவே இருந்திருக்கிறது. ஆனால் இந்த மலையில் அதன் நேரக் கணக்குகளை அப்படியே நம்ப இயலாது. மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது பொதுவிதி. ஆடி மாதத்து உதகையில் மொத்தமாக வாங்கிய மிளகாய்ப்பொடி கட்டிதட்டும், அப்பளம் துணியாகும், உப்பு அழும். வற்றல் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்றால் வெயிலை எங்கே போய் வாங்குவது? இட்லி மாவு பொங்குவதற்கு இரண்டு இரவுகள் கேட்கிறது. அதையும் கம்பளிக்குள் சுற்றி அடுப்போரம் குழந்தையைப் போல வைத்திருக்க வேண்டும். மறுபுறம், மார்கழியிலும் தையிலும் உறைபனி விழும் ஊரில் குளிர்பதனப் பெட்டிக்கு என்ன வேலை என்று ஒரு மாமியாராவது கேட்டிருப்பார். நியாயமான கேள்விதான்.

ஆகவே இந்த ஊரில் சிக்கனத்தின் முதற்பாடம் எரிபொருள். 1959இல் இந்தியாவில் உற்பத்தி தொடங்கிய பிரஷர் குக்கர் மற்ற ஊர்களில் வசதிக்கான கருவி. இங்கே அது இல்லாமல் பருப்பில்லை. மூடிய கலத்துக்குள் அழுத்தம் ஏறி வெப்பம் 100 பாகையைக் கடந்துவிடுவதால் மலையின் உயரத்தை அது ஒருவாறு சமன் செய்துவிடுகிறது. ஒரே குக்கரில் அடுக்குப் பாத்திரங்களாக அரிசி, பருப்பு, காய் மூன்றையும் வைப்பது, முந்தின இரவே கடலையை வெந்நீரில் ஊறப்போடுவது (தண்ணீர்க் குழாயில் வருவது பனிக்கட்டியின் தம்பி; அதில் கடலை ஊறாது, விறைத்துக் கிடக்கும்), விசில் வந்ததும் அணைத்துவிட்டு மீதியை உள்ளிருக்கும் சூட்டுக்கே விட்டுவிடுவது எனச் சிறுசிறு வழக்கங்கள். 2022இல் உருளையின் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டியபோதுதான் இவற்றை ஒழுங்காகக் கடைப்பிடிக்கத் தொடங்கினோம். முப்பத்தொரு நாள் வந்த உருளை நாற்பத்து நான்கு நாள் வந்தது. நாளை எண்ணிப் பார்க்க முடிந்தது ஒரு நோட்டில் எழுதி வைத்ததால்தான்.

அந்த நோட்டு தொடங்கிய கதையும் சொல்லத்தக்கது. ஒரு மழைநாள் விடுமுறையில் நானும் மனைவியும் அடுக்களை அலமாரி முழுவதையும் காலி செய்து கூடத்துத் தரையில் பரப்பினோம். பிரித்த பெருங்காய டப்பாக்கள் மூன்று. இரண்டு பொட்டலங்களில் உளுந்து, ஒன்றில் வண்டு. யாரோ பரிசளித்த, எவரும் திறக்காத ஓட்ஸ். முடிச்சுப் போட்டபடியே பூஞ்சை பூத்த புளி. எங்கள் வீட்டில் பொருளுக்குக் குறைவில்லை. எது எங்கே இருக்கிறது என்பது மட்டும் எவருக்கும் தெரியாது. தெரியாததால் மீண்டும் வாங்கியிருக்கிறோம். அன்றிலிருந்து வாங்குவது, எரிப்பது, எறிவது என மூன்று பத்திகளாகக் கணக்கு எழுதினோம். முதல் மாதம் எறிந்த பத்தியைக் கூட்டினால் 640 ரூபாய் வந்தது. பாதிக் கொத்தமல்லிக் கட்டுகள், மூன்றாம் நாள் சாம்பார், திரிந்த பால். ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை, 2022இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன் என்றும் அதில் 60 விழுக்காடு வீடுகளிலிருந்து போனது என்றும் கூறுகிறது. அந்தக் கோடிகளில் எங்கள் வீட்டுக் கொத்தமல்லியும் அடக்கம்.

இதுவரை எழுதியதைப் படித்து, வாத்தியார் வீட்டுக் குறிப்பு சொல்ல வந்துவிட்டார் என்று நீங்கள் எண்ணினால் தவறில்லை. நான் சொல்ல வந்தது வேறு. நோட்டை எழுத எழுத, என் அம்மாவின் அடுக்களை நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அதில் நான் ஒருபோதும் எழுதிப் பார்க்காத நான்காவது பத்தி ஒன்று இருந்தது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா ஏற்பதாக ஒத்துக்கொண்ட ஐந்தேகால் லட்சம் பேரில் என் தாத்தா பாட்டியும், சிறுமியாக என் அம்மாவும் அடக்கம். அப்படி வந்தவர்களுக்கு வேலை தருவதற்காக நீலகிரியில் 1968இல் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது; 1976இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. அம்மாவுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. கூடலூர்ப் பக்கம் தனியார் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தார். லயத்தில் ஓர் அறை, அதன் பின்னால் ஆள் குனிந்து நுழையும் அடுக்களை. அங்கே ஒழுங்கு இருந்தது, ஏனென்றால் ஒழுங்கின்மைக்கு இடமில்லை. கவாத்து முடிந்து வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகளை மிலாறு என்போம். அதைச் சுமந்து வந்து அடுப்புக்கு மேலே பரணில் அடுக்கினால் புகையிலேயே காயும். விடியுமுன் எரிந்த அதே தீயில் தேத்தண்ணீர், ரொட்டி, குளிக்க வெந்நீர். கங்கு மிஞ்சினால் மதியத்துக்கான பானை. அம்மா வேலைக்குப் போய்விட்டுக் கொழுந்து நிறுத்து வருவதற்குள் பானை தானாக வெந்திருக்கும். சர்க்கரை கிடையாது, வெல்லக்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணீர் குடிப்போம். வேலை முடிந்து திரும்பும் வழியில் பறித்த மணத்தக்காளிதான் பல இரவுகளில் குழம்பு. இன்று நான் நோட்டுப் போட்டுக் கற்றுக்கொள்வதை எல்லாம் அம்மா எழுத்தறியாமலே செய்தார் என்று பெருமையாக ஒரு கட்டுரை எழுதிவிடலாம். அத்தகைய கட்டுரைகள் நிறையவே வருகின்றன. நானும் வகுப்பில் அப்படிப் பேசியிருக்கிறேன்.

ஆனால் அந்தச் சிக்கனம் எங்கிருந்து மிச்சம் பிடித்தது? அப்பாவுக்கும் எங்கள் மூவருக்கும் பரிமாறிய பிறகு சட்டியில் எஞ்சியது எதுவோ அதுவே அம்மாவின் பங்கு. ரொட்டி குறைந்தால் அவருடையதுதான் குறையும். “எனக்குப் பசியில்ல தம்பி, நீ சாப்பிடு” என்பார். அதை நான் நம்பினேன். பிள்ளைகள் நம்புவதற்கு வசதியான பொய் அது. ஐம்பது வயதில் மலையேற முடியாமல் மூச்சு வாங்கியபோது செய்த இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழு என்று வந்தது. மருத்துவர் என்னைப் பார்த்து, “என்ன சாப்பிடுறாங்க வீட்ல?” என்று கேட்டார். நான் அப்போது முதுகலை முடித்திருந்தேன். சங்க இலக்கியத்தில் விருந்தோம்பல் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருந்தேன். அவர் கேட்ட கேள்விக்கு விடை தெரியவில்லை. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை; தமிழகத்திலும் பாதிக்கு மேல். இதற்குக் காரணங்கள் பல உண்டு என்பதை அறிவேன். கடைசியில் உண்பதும் அவற்றுள் ஒன்று என்பதை எங்கள் வீட்டில் கண்டேன்.

நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படையில் வறுமைப்பட்ட அடுக்களைக் காட்சி ஒன்று வருகிறது. பாழடைந்த அட்டிலில் குட்டி போட்ட நாய் குரைக்கிறது. பசியால் மெலிந்தவள் குப்பைமேட்டில் முளைத்த கீரையை நகத்தால் கிள்ளி வந்து உப்பின்றி வேகவைக்கிறாள். பிறர் கண்டுவிடுவார்களோ என்று நாணிக் கதவை அடைக்கிறாள். இருபது ஆண்டுகளாக இதை நடத்துகிறேன். ஒவ்வோராண்டும் அந்த மூடிய கதவைப் பற்றியே பேசினேன். அண்மையில்தான் அடுத்த சொற்கள் உறைத்தன. கதவை அடைத்தபின் அவள் சுற்றத்தோடு சேர்ந்து, ஒருங்கே உண்கிறாள். உப்பில்லாக் கீரைதான், ஆனால் அவளும் அந்தப் பந்தியில் இருக்கிறாள். அவளைவிட எங்கள் லயத்து அடுக்களையில் உப்பும் இருந்தது, ரொட்டியும் இருந்தது. பந்தியில் அம்மா மட்டும் இல்லை.

நம் மரபு சிக்கனத்தை இரண்டு இடங்களில் வைத்திருக்கிறது. திருக்குறளின் 51ஆம் பாடல், கணவனின் வருவாய்க்குத் தக்கபடி வாழ்பவளே வாழ்க்கைத் துணை என்கிறது. 478ஆம் பாடல், வரும் வழி சிறிதானாலும் போகும் வழி அகலாதிருந்தால் கேடில்லை என்கிறது. இரண்டாவதைத்தான் நாம் வீட்டுச் செலவுக்கு அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம், பெரும்பாலும் பெண்களிடம். ஆனால் அது இருப்பது பொருட்பாலில், வலியறிதல் அதிகாரத்தில், சொல்லப்பட்டது அரசனுக்கு. அங்கே சிக்கனம் ஓர் ஆட்சிமுறை. வருவதையும் போவதையும் அளக்க வேண்டியவன் அதிகாரம் உடையவன். முன்னதிலோ அது ஒருத்தியின் நற்குணம். நற்குணத்துக்குக் கணக்கு கேட்க முடியாது. எழுதி வைக்க முடியாது. அதன் விலையை யார் தருகிறார் என்று பார்ப்பதும் நாகரிகமாகாது. வீட்டுச் சிக்கனத்தை 51இலிருந்து 478க்கு மாற்ற வேண்டும் என்பதே என் கட்சி. அதாவது அது இல்லத்தரசியின் கைராசியாக இராமல், வீட்டிலுள்ள எல்லோரும் பார்க்கக்கூடிய, எல்லோரும் கைவைக்க வேண்டிய நிர்வாகமாக வேண்டும்.

இரு சம்பளம் வாங்கும் வீட்டில் சிக்கனம் ஒரு பொழுதுபோக்கு என்று உடன் பணியாற்றும் ஒருவர் சொன்னார். பாதி உண்மை. லயத்துப் பெண்களுக்குச் சிக்கனம் கற்பிக்க எவருக்கும் தகுதியில்லை. அவர்களுக்கு வேண்டியது கூலியும், ஓர் அலமாரி வைக்கும் அளவுக்குச் சுவரும். 2011 முதல் நியாயவிலைக் கடைகளில் விலையில்லா அரிசி வந்ததும் எங்கள் லயத்தில் இரண்டாம் முறை சோறு கேட்பது குற்றமில்லை என்றாயிற்று. அதைச் சிறிய மாற்றமாக நான் நினைக்கவில்லை. அதே கடையில் துவரம்பருப்பு கிலோ முப்பது ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆனால் உதகையின் உயரத்தில், குக்கர் இல்லாத வீட்டில் அந்தப் பருப்பை வேகவைக்க ஆகும் விறகின் விலையை எந்த மானியமும் கணக்கில் எடுத்ததில்லை. பருப்பு வேகாத வீட்டில் அரிசி மட்டும் பெருகும். அம்மாவின் இரத்தத்தில் நான் பார்த்தது அதையும்தான்.

எங்கள் வீட்டில் இப்போது ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தைக்குப் போவது என் பொறுப்பு. 1820களில் ஜான் சல்லிவன் அறிமுகப்படுத்திய ஐரோப்பியக் காய்கறிகளால்தான் இந்த மலையின் தோட்டங்கள் பெயர் பெற்றன. அதற்குமுன் இங்கே சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலம். பீட்ரூட்டையும் நூல்கோலையும் விற்கும்போது தழையைக் கிள்ளி எறிந்துவிடுகிறார்கள். கேட்டால் சும்மாவே தருகிறார்கள். முதல் தடவை கேட்கும்போது பேராசிரியருக்குக் கூச்சம் வந்தது உண்மை. பீட்ரூட் கீரைப் பொரியல் இப்போது வாரம் இருமுறை. திங்கள், வியாழன் மகள் சமைக்கிறாள். அவளுடைய ரசத்தைப் பற்றி இங்கே எழுதக் கூடாதென்று உத்தரவு. எல்லோரும் ஒரே நேரத்தில் அமர்வது என்று வைத்துக்கொண்டோம். பாத்திரங்கள் நடுவில்; பரிமாறுபவர் என்று எவரும் இல்லை.

சென்ற மாதம் அம்மா வந்திருந்தார். முதல் இரண்டு நாள் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் பேத்தி கையைப் பிடித்து உட்கார வைத்தாள். சாப்பிட்ட பிறகு நோட்டைப் புரட்டினார். எழுத்துத் தெரியாது, பத்திகளும் எண்களும் தெரியும்.

“கணக்கப்பிள்ளை மாதிரியே கோடு போட்டு வச்சிருக்க” என்றார்.

“ஆமாம்மா.”

“நாங்க முப்பது கிலோ பறிச்சுட்டுப் போனா, ஈரம்னு சொல்லி ரெண்டு கிலோவக் கழிச்சுத்தான் எழுதுவாரு.” சற்று நேரம் எண்களையே பார்த்தார். “நீ எதையும் கழிக்காமத்தான எழுதுற?”