பொங்கற் பானையும் போதைப் புட்டியும்

விழா விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். "விடுமுறையை எவ்வாறு கழித்தேன்?" என்று எழுதுமாறு பிள்ளைகளைப் பணித்தோம். மண்டபத்துக் கடலோரச் சிறுவர்கள் கரும்பைப் பற்றி எழுதினர், புத்தாடையைப் பற்றி எழுதினர், பாம்பன் பாலத்தில் புதிய தொடர்வண்டியைக் கண்ட களிப்பை எழுதினர். ஒரு சிறுமியின் ஏட்டிலே மட்டும் இரண்டே வரிகள்: "பொங்கல் வராமல் இருந்தால் நல்லது. அன்றைக்குத்தான் அப்பாவுக்குக் கூட்டாளிகள் வருவார்கள்."

சிவப்பு மையை எடுத்த கை அப்படியே நின்றது. எழுத்துப் பிழை இல்லை. பொருட் பிழையும் இல்லை. பிழை அந்த ஏட்டிலே இல்லை, தோழர்களே! நம்மிடத்திலே இருக்கிறது.

நம்மிடத்திலே என்கிறோமே, ஏன்? தீபாவளியைத் தள்ளியவர்கள் நாம். நரகாசுரன் கதையைக் கேட்டு நகைத்தவர்கள் நாம். நல்லது! ஆனால் அதே தீபாவளி விடுமுறையில், அதே பொங்கல் மாலையில், "பண்டிகை இல்லை, நண்பர்கள் கூடுகிறோம், அவ்வளவே" என்று புட்டியைத் திறப்பவர்களும் நம்மிலே உண்டா, இல்லையா? புராணத்தைப் புறந்தள்ளினோம், புட்டியைப் புறந்தள்ளினோமா?

வால்மீகியின் பாலகாண்டத்தையே புரட்டுங்கள். பாற்கடல் கடைந்தபோது வாருணி என்னும் மதுத்தேவதை வந்தாளாம். அவளை ஏற்றவர்கள் சுரர் ஆனார்களாம். ஏற்க மறுத்தவர்கள் அசுரர் ஆனார்களாம். நாம் கட்டிய கதையன்று இது. அவர்கள் போற்றும் ஏடே சொல்லும் கதை! மதுவை மறுத்தவனுக்கு அசுரப் பட்டம்! அசுரன் மாண்ட நாளென்று ஊர் கொண்டாடுகிறது. அசுரனுக்காகப் பரிந்து பேசும் நம் தோழனோ, அன்று மாலையே சுரர் பந்தியில் அமர்கிறான். என்னே விந்தை!

முனியசாமிக்கும் கருப்பனுக்கும் சாராயம் படைப்போரைக் கண்டு சிரிக்கிறோம். சாமி ஒரு சொட்டும் குடிப்பதில்லை; படைத்தவனே குடிக்கிறான் என்று மேடையிலே முழங்குகிறோம். சாமியின் பெயரால் குடிப்பவன் மூடன் என்றால், நட்பின் பெயரால் குடிப்பவன் மட்டும் அறிவாளியா?

சாக்குகள் பல உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"வாடைக்காற்று வீசுகிறது, கடலில் நனைந்து வந்தவனுக்குக் குளிருக்கு இதம்" என்பர். உடலியல் வேறு சொல்கிறது. மது தோலடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. சூடான குருதி தோலுக்கு வருவதால் வெப்பம் ஏறியதுபோல் தோன்றுகிறது. உண்மையிலே உடலின் உள்வெப்பம் வெளியேறிக்கொண்டிருக்கிறது. நனைந்த மனிதனுக்கு இது காப்பன்று, கேடு. பேய் மழை பெய்விக்கிறது என்பதை நம்பாத நாம், புட்டி குளிரை ஓட்டுகிறது என்பதை நம்பலாமா?

"அளவோடு குடித்தால் ஆகாதா?" என்பர். மதுவகைகளைப் புற்றுநோய் உண்டாக்குவனவென்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-இலேயே வகைப்படுத்தியது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லையென 2023 சனவரியில் உலக நலவாழ்வு அமைப்பு உரைத்தது. அறிவியலை மேற்கோள் காட்டிக் கடவுளை மறுக்கும் நாம், அதே அறிவியல் நம் கிண்ணத்தைச் சுட்டும்போது காதைப் பொத்திக்கொள்வது நேர்மையாகாது.

"சங்கத் தமிழனே கள்ளுண்டான், அதியமானும் ஔவையும் பகிர்ந்துண்டனர்" என்பர் இலக்கியம் கற்ற இளைஞர். உண்டனர், மறைக்கவில்லை. ஆனால் முன்னோர் செய்தார் என்பதே சான்றானால், சாதிக்கும் சடங்குக்கும் அதே சான்றை வைதிகன் காட்டுவானே, அப்போது என்ன விடை பகர்வோம்? கள்ளுண்ணாமைக்கென்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவனும் தமிழனே அன்றோ!

அந்த வள்ளுவனுக்கு நாம் செய்யும் சிறப்பைப் பாருங்கள். தை இரண்டாம் நாள் வள்ளுவர் நாள். அன்று அரசின் மதுக்கடைகளுக்கு விடுமுறை. ஆகவே முதல் நாளே வாங்கிப் பதுக்கிவிடுகிறார்கள்! கடைக்குப் பூட்டு, வீட்டிலே புட்டி. வள்ளுவனுக்கு மாலை, வள்ளுவத்துக்குப் பாடை!

அரசைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். 1937 அக்டோபர் 1-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்ந்தது, 1974-இல் மீண்டது, 1981-இல் மறுபடி நீங்கியது. 1983-இல் டாஸ்மாக் பிறந்தது; 2003 முதல் சில்லறைக் கடையையும் அரசே நடத்துகிறது. 2024–25-ஆம் ஆண்டில் மதுவால் வந்த வருவாய் ரூ. 48,344 கோடி.

இந்தக் கணக்கை நம் கடற்கரைக் கணக்கோடு ஒப்பிடுங்கள். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கான உதவித்தொகையை ரூ. 5,000-லிருந்து ரூ. 8,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் இதே மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டிலேதான் வந்தது. வரவேற்றோம். ஆனால் நாளொன்றுக்கு அது ஏறத்தாழ ரூ. 131, குவார்ட்டர் புட்டி ஒன்றின் விலைக்கே போதாது. தீவோரக் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் தாயின் கூலியோ, பாறை கீறிய விரல்களின் விலை. வலக்கை கொடுக்கும் உதவியை இடக்கை பறிக்கும் கடைக்கு, விழா நாளில் அந்தத் தாயின் கூலியையும் கொண்டுபோய்க் கொட்டுவதா?

கடையை மூடு என்று கேட்போம். கேட்பது நம் உரிமை. ஆனால் பூட்டு மட்டும் போதுமென்று ஏமாற மாட்டோம். 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றதே, அது கடையில் விற்ற சரக்கன்று. 1921-இல் கள்ளுக்கடை மறியலில் முன்னின்று, தம் தென்னைகளையே வெட்டிச் சாய்த்த பெரியார், பின்னாளில் மதுவிலக்குச் சட்டத்தைக் கடுமையாகச் சாடினார். சட்டத்தைப் பற்றி நமக்குள் இரு கருத்து இருக்கலாம். அந்தச் சிறுமியின் இரண்டு வரிகளைப் பற்றி இரு கருத்து இருக்க முடியுமா?

எனவே வரும் விழாக் காலத்துக்கு நாம் செய்யவேண்டுவன சில. நம் வீட்டு விருந்தில் புட்டி இல்லையென்று அழைக்கும்போதே சொல்லிவிடுவோம். "வேண்டாம்" என்று ஒருவன் சொன்னால் காரணம் கேளோம், "ஆண்மகனா நீ?" என்று சீண்டோம். மறுப்பவனுக்குத் துணையாக இன்னொருவன் எழுந்து நின்றால், மூன்றாமவனுக்கும் துணிவு வரும். ஆடவர் மட்டும் ஒதுங்கும் தனி அறையை ஒழித்து, பெண்களும் பிள்ளைகளும் உடனிருக்கும் முற்றத்திலே கூடுவோம்: பாட்டு, பட்டிமன்றம், கபடி, மீன்குழம்புச் சோறு. மகிழ்ச்சிக்கு இவை போதாவா?

குடிக்கு அடிமையாகிவிட்ட தோழனை இகழோம். அவன் நோயாளி. நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவன் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஊறு நேரலாம். ஆகவே அவனைச் சத்தியம் செய்யச் சொல்லிச் சாமி கயிறு கட்டுவதை விடுத்து, அரசு மருத்துவமனைக்குக் கைப்பிடித்து அழைத்துச் செல்வோம். கயிறு காக்காது, மருத்துவம் காக்கும்.

அடுத்த தையிலும் பள்ளி திறக்கும். அதே தலைப்பைக் கொடுப்போம். அந்தச் சிறுமி என்ன எழுதுவாள் என்பதை நாம் எழுத முடியாது, தோழர்களே! அவள் வீட்டு வாயிலுக்கு வரும் கூட்டாளிகள் எழுதுவார்கள். அந்தக் கூட்டாளிகளில் நாமும் இருக்கிறோமா? நம் கையில் இருப்பது கரும்பா, புட்டியா?