கோழி எருவும் 'இயற்கை'யும்

போன வாரம் பாண்டி பெரிய மார்க்கெட்டில் கீரைக்கட்டு இறக்கிக்கிட்டிருந்தேன். "உரம் போடாததா தம்பி?" என்று ஒரு அம்மா கேட்டாங்க. "கோழி எரு போட்டதுங்க." "அப்போ இயற்கைதான்" என்று நாலு கட்டு வாங்கிட்டுப் போனாங்க.

அந்த 'இயற்கை'யோடுதான் எனக்குச் சண்டை.

பண்ணைக் கோழிக்கு நோய் வராமல் இருக்கவும், சீக்கிரம் எடை ஏறவும் தீவனத்திலேயே ஆன்டிபயாடிக் கலக்கும் பழக்கம் உண்டு. அதைத் தாங்கிப் பிழைத்த பாக்டீரியா எச்சத்தில் வரும். எச்சம் லாரி ஏறி என் வயலுக்கு வரும்.

மருந்தை முறியடிக்கும் வித்தை பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தில் இருக்கும். வந்த பாக்டீரியா மண்ணில் நீடிக்காமல் செத்தே போகலாம். அதற்குள் பக்கத்து மண் பாக்டீரியாவை ஒட்டி, வளையத்தின் நகலைக் கொடுத்துவிட முடியும். இனம் வேறானாலும் பல பிளாஸ்மிட்டுகள் தாவும். அடுத்த வீட்டு அடுப்பில் நெருப்பு வாங்குற மாதிரி, கொடுத்தவருக்கும் குறையாது. இரண்டு பிளாஸ்மிட் இணைந்து, இரண்டு மருந்துக்கான எதிர்ப்பும் ஒரே வண்டியில் ஏறுவதும் உண்டு.

பூச்சாண்டி காட்டவில்லை. மற்ற மருந்துகள் கைவிடும்போது டாக்டர்கள் எடுக்கும் கடைசி மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின். அதை முறியடிக்கும் எம்.சி.ஆர்-1 மரபணு, பிளாஸ்மிட்டிலேயே தாவுவதை 2015-ல் சீனாவில் கண்டார்கள்: பன்றியில், இறைச்சியில், நோயாளிகளிடமும். 2019 ஜூலையில் இந்திய அரசு உணவுக்கு வளர்க்கும் கால்நடைக்கும் கோழிக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது. சரி, ஒரு மருந்துக்குப் பூட்டு போட்டாச்சு. மத்த மருந்துக்கு?

ஒரு நல்ல சேதியும் இருக்கு. பிளாஸ்மிட்டைச் சுமப்பது பாக்டீரியாவுக்குச் செலவு. மருந்தின் நெருக்கடி இல்லாத மண்ணில், செல் இரண்டாகும்போது சிலது அந்த வளையம் இல்லாமலே பிறக்கும். சுமை இல்லாதது முந்தும். எதிர்ப்பு முழுசா ஒழியாது, ஆனால் குறையும். குறைய விடாமல் தடுப்பது யார்? அடுத்த லோடு பச்சை எருவை இறக்கும் என்னைப் போன்றவன்தான்.

நானும் பல வருஷம் அப்படியே கொட்டினேன். இப்போ குவித்து, சூடேறவிட்டு, புரட்டி, மக்கிய பிறகுதான் போடுறேன். அதுவும் பாதி வைத்தியம்தான். மீதி பண்ணைத் தீவனத்தொட்டியில் இருக்கு. அங்கே என் பேச்சு எடுபடாது, கறி வாங்கும் உங்க பேச்சு எடுபடும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிலோ என்ன விலைன்னு கேட்கும்போது, கோழி என்ன தின்னுச்சுன்னும் ஒரு வார்த்தை கேளுங்க.