ஏகாம்பரம் யாரைக் கெடுத்தான்?

சரவணப் பொய்கையைச் சுற்றி நடந்துவிட்டு டீ குடிக்க உட்காரும் எங்கள் ஐவர் அணியில் போன வாரம் ஒரு சண்டை. (மலைப்படி ஏறுவதை டாக்டர் நிறுத்தச் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. 365 படியும் இப்போது மனசுக்குள்தான்.) டீக்கடைக்காரர் மகன் கைப்பேசியில் 'மருதமலை' படத்து வடிவேலு காமெடியைச் சத்தமாக ஓடவிட்டிருந்தான். என்கவுண்டர் ஏகாம்பரம். படம் வந்தது 2007ல். அந்தப் பையன் அப்போது பிறந்திருக்கவே மாட்டான். ஆனாலும் அடுத்த வசனம் வருவதற்கு முன்னாலேயே சிரிக்கிறான்.

எங்கள் அணியில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் உண்டு. அவருக்குப் பொறுக்கவில்லை. "இந்த மாதிரிக் கூத்தடிச்சுத்தான் சார் போலீஸ்னா பயமே இல்லாமப் போச்சு. இதையெல்லாம் சென்சார்லயே வெட்டியிருக்கணும். 'சிங்கம்' மாதிரிப் படம் எடுக்கணும் சார், பசங்களுக்கு ஒரு நெஞ்சுரம் வரும்" என்றார். மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

எனக்கு வாயால் சண்டை போட வராது. 36 வருடம் கோப்பில் குறிப்பு எழுதிப் பழகியவன். எனவே தலைமை ஆசிரியருக்கு என் பதில் இங்கே.

முதலில் அந்த வார்த்தை. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்று பழைய பதிவுகளில் எழுதியிருக்கிறேன். அப்பா காலமான பிறகு அம்மாவோடு திருத்தணியில் மாமா வீட்டுக்கு வந்தேன். சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதி வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தபோது எனக்குத் தமிழும் அரைகுறை, ஆங்கிலமும் அரைகுறை. 'என்கவுண்டர்' என்ற சொல்லைப் பேப்பரில் முதலில் பார்த்தபோது, பள்ளியில் படித்த 'ரான்கோந்த்ர்' என்ற சொல்தான் ஞாபகம் வந்தது. இரண்டும் ஒரே வேரில் வந்தவை. சந்திப்பு என்று பொருள். கடற்கரைச் சாலையில் பழைய சிநேகிதனை எதிர்பாராமல் பார்த்தால் அது ரான்கோந்த்ர். போலீசும் குற்றவாளியும் எதேச்சையாகச் சந்தித்து என்ன பேசியிருப்பார்கள் என்றுதான் வெகுளியாக யோசித்தேன். பக்கத்து இருக்கை உதவியாளர்தான் விளக்கினார். அவரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை.

பின்னால் ஒரு கோட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்தபோது, காவலில் ஒருவர் இறந்துபோனது பற்றிய விசாரணையில் வாக்குமூலம் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு வந்தது. போலீஸ் நிலை ஆணை 151ன் கீழ் நடக்கிற விசாரணை. எந்த ஊர், எந்த நிலையம் என்று சொல்ல மாட்டேன். இறந்தவரின் தாயார் சொன்னதைத் தட்டச்சு செய்தேன். நடுவில் அந்த அம்மா பேச்சை நிறுத்தினால் என் இயந்திரமும் நிற்கும். அறையில் வேறு சத்தம் கிடையாது. "அவன் கடைசியா என்ன சாப்பிட்டான்னு அதுல எழுதுவீங்களாய்யா?" என்று கேட்டார். அதற்குப் படிவத்தில் இடமில்லை.

இவ்வளவும் தெரிந்த நான்தான் 2003ல் 'சாமி' படம் பார்த்து விசிலடித்தேன். எனக்கு அப்போது வயது 53. ஆறுச்சாமி என்று நம் மலைக்காரன் பெயர் வேறு. படத்தின் முடிவு உங்களுக்கு ஞாபகமிருக்கும். வில்லன் பெருமாள் பிச்சையைப் போலீஸ் அதிகாரியே கொன்று செங்கல் சூளையில் எரித்துவிட்டு, ஆள் தலைமறைவு என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறார். தியேட்டரே எழுந்து கைதட்டியது. வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் எனக்குள் இருந்த குமாஸ்தா விழித்துக்கொண்டான். தலைமறைவான ஆளின் கோப்பை யார் முடிப்பார்கள்? அவன் அம்மா வந்து கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? இந்தப் பாழாய்ப்போன கேள்வியால் அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. ஆனால் கைதட்டியது கைதட்டியதுதான். அதை மறைக்க மாட்டேன்.

அதே வருடம் 'காக்க காக்க'வும் வந்தது. நல்ல அதிகாரி என்றால் சட்டப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுக்கிறவர் என்று நமக்குப் பாடம் நடந்த காலம் அது. அந்தப் பாடம் நன்றாகப் பதிந்த நான்கு வருடம் கழித்து, சுராஜ் இயக்கத்தில் அர்ஜுன் கதாநாயகனாக நடித்த படத்தில், காக்கி போட்டுக்கொண்டு தன் பெயருக்கு முன்னால் தானே 'என்கவுண்டர்' பட்டத்தைச் சூட்டிக்கொண்டு ஒருவன் வருகிறான். மீசை இருக்கிறது, விறைப்பு இருக்கிறது, நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை. ஒரு சின்னத் திருடன்கூட அவனுக்குப் பயப்பட மாட்டேன் என்கிறான்.

தலைமை ஆசிரியர் சார், அவன் யாரைக் கேலி செய்கிறான்? போலீஸ்காரரையா? நம் சினிமா பத்து வருடமாகத் தைத்துக் கொடுத்த அந்தச் சட்டையைக் கேலி செய்கிறான். அந்தச் சட்டையைப் பார்த்துக் கைதட்டிய என்னையும் உங்களையும் சேர்த்துத்தான்.

அதில் ஒரு காட்சி. ஸ்டேஷனுக்கு ஒரு பெண் வருகிறாள். அவளுக்கு நான்தான் புருஷன் என்று ஒருவர் பின் ஒருவராக ஆண்கள் வந்து நிற்கிறார்கள். ஏகாம்பரத்துக்குத் தலை சுற்றுகிறது. பெண்ணை வைத்துச் சிரிக்க வைக்கும் பழைய உத்திதான், அந்த விதத்தில் எனக்கு அது பிடிக்காது. ஆனால் வாரிசுச் சான்றிதழ் மேசையில் ஆறு வருடம் உட்கார்ந்தவனுக்கு அந்த முகம் தெரியும். இறந்தவருக்கு மனைவி என்று ஒரு அம்மா மனு கொடுப்பார். மறுநாள் புத்தூரிலிருந்து இன்னொரு அம்மா தெலுங்கில் அழுதுகொண்டு ரேஷன் கார்டோடு வருவார். மூன்றாம் நாள் இறந்தவரின் அண்ணன், இரண்டுமே பொய் என்று ஒரு வக்கீலோடு நிற்பார். எங்களுக்கும் வடிவேலு முகம்தான் அப்போது. அந்தப் பக்கம் பார்த்து, இந்தப் பக்கம் பார்த்து, கடைசியில் மின்விசிறியைப் பார்ப்போம்.

அரசாங்க வேலை என்பது அதுதான் ஐயா. போலீசும் நம்மைப் போல அரசு ஊழியர்தான். மனு வாங்குவது, குறிப்பு எழுதுவது, பந்தோபஸ்துக்குப் போவது, பயணப்படி பில் எப்போது பாஸாகும் என்று காத்திருப்பது. 'சிங்கம்' துரைசிங்கம் எப்போதாவது உட்கார்ந்து ஒரு மனுவுக்கு ரசீது எழுதிக் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கர்ஜித்துக்கொண்டிருப்பவருக்கு அதற்கு ஏது நேரம்? ஏகாம்பரமாவது வந்தவளின் புகாரைக் காதுகொடுத்துக் கேட்கிறான்.

இன்னொரு விஷயம். 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த மாதிரிச் சாவுகளுக்கு 16 வழிமுறைகள் சொன்னது. முதல் தகவல் அறிக்கை போட வேண்டும், சம்பந்தப்படாத வேறு பிரிவு புலனாய்வு செய்ய வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடத்த வேண்டும், இப்படி. எந்த வீரப் போலீஸ் படமாவது துப்பாக்கி வெடித்த பிறகு நடக்கும் இந்த வேலையில் ஒன்றைக் காட்டியதுண்டா? கதாநாயகன் கறுப்புக் கண்ணாடியை மாட்டுவதோடு படம் முடிந்துவிடும். என் போன்றவன் மேசைக்கு அந்தக் கட்டு வருவது அதற்குப் பிறகு.

அந்த வழிமுறைகள் வந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. 2015 ஏப்ரல் 7. திருத்தணிக்காரர்கள் மறந்திருக்க முடியாது. இங்கிருந்து எழுபது கிலோமீட்டர்கூட இல்லாத திருப்பதிப் பக்கம், சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று தமிழ்நாட்டுக் கூலிகள் 20 பேரை ஆந்திர அதிரடிப் படை சுட்டுக் கொன்றது. கல்லும் அரிவாளும் கொண்டு தாக்கினார்கள், திருப்பிச் சுட்டோம் என்றது போலீஸ். கூட வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்றார் தப்பித்து வந்த ஒருவர். அன்று மதியம் நம் பஸ் நிலையத்தில் ஆந்திரா வண்டிகள் நின்றுபோயின. அந்தக் கூட்டத்தில் நான் கேட்ட ஒரு பேச்சு: "திருடப் போனான், சுட்டாங்க. என்கவுண்டர்னா அப்படித்தான்." சொன்னவர் கெட்டவர் இல்லை. எனக்குத் தெரிந்த பலகாரக் கடைக்காரர், கார்த்திகைக்குக் கார்த்திகை காவடி எடுப்பவர். அந்த வாக்கியத்தை அவர் வாயில் வைத்தது யார்? வடிவேலுவா?

பயம் போய்விட்டது என்கிறீர்கள். எங்கே போயிற்று? 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில், ஊரடங்கில் கடையை நேரம் கடந்து திறந்து வைத்தார்கள் என்று பிடித்துப் போன தகப்பனும் மகனும் உயிரோடு திரும்பவில்லை. அப்போது இயக்குநர் ஹரி வெளிப்படையாக ஓர் அறிக்கை விட்டார். காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வேதனைப்படுவதாகச் சொன்னார். இரண்டு 'சாமி', மூன்று 'சிங்கம்'. நீங்கள் நெஞ்சுரத்துக்கு மருந்தாகச் சொன்ன அதே 'சிங்கம்'தான் சார். எடுத்தவரே வருத்தப்பட்டாயிற்று, நாம்தான் இன்னும் விசிலடித்துக்கொண்டிருக்கிறோம். ஹரியின் அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு. 'மருதமலை' எடுத்தவர்கள் ஏகாம்பரத்துக்காக அப்படி வருத்தப்பட வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை.

உண்மையைச் சொல்லும் படம் பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வெற்றிமாறனின் 'விசாரணை' இருக்கிறது. குண்டூரில் நம் கூலிப் பையன்கள் போலீசிடம் சிக்கிப் படும் பாடு. பெரிய படம், சந்தேகமில்லை. அதை ஒருமுறைதான் என்னால் பார்க்க முடிந்தது. பாதியில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்தத் தட்டச்சு அறை நினைவுக்கு வந்துவிட்டது. ஏகாம்பரத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. 2011க்குப் பிறகு வடிவேலு பல வருடம் அரிதாகத்தான் திரைக்கு வந்தார். அப்போதும் அந்த முகம் ஒரு நாளும் ஓய்வெடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் தினமும் வந்துகொண்டிருந்தது.

பாண்டிச்சேரிக்காரன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சில் லூயி த ஃபுனெஸ் என்று ஒரு நடிகர். 1964ல் 'சேன் த்ரோப்பே போலீஸ்காரர்' என்று ஒரு படத்தில் நடித்தார். க்ருஷோ என்ற அந்தப் போலீஸ்காரர் மேலதிகாரி வந்தால் குழைவார், கீழே இருப்பவரைப் பார்த்தால் குரைப்பார். (எங்கள் அலுவலகத்தில் இப்படி நான்கு பேர் இருந்தார்கள்.) 1982 வரை ஆறு படங்கள் வந்தன. பிரெஞ்சுப் போலீஸ் இடிந்து விழுந்துவிடவில்லை. அந்த ஊரில் படமெடுத்த பழைய போலீஸ் நிலையத்தையே 2016ல் அருங்காட்சியகமாக ஆக்கினார்கள். தங்களைக் கிண்டல் செய்தவருக்குத் தங்கள் கட்டடத்தையே கொடுத்துவிட்டார்கள். இங்கே வடிவேலுவுக்கு ஒரு ஸ்டேஷனைக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுக்காமல் இருந்தால் போதும்.

நம் ஊர்க் கதை ஒன்று மிச்சம் இருக்கிறது. சில வருடம் முன்பு ஆடிக் கிருத்திகை. வெளிமாவட்டத்திலிருந்து பந்தோபஸ்துக்கு வந்த ஒரு காவலர், காலையிலிருந்து வெயிலில் நின்று, காவடிக் கூட்டத்துக்குக் கயிறு பிடித்துக்கொண்டிருந்தார். சட்டை முழுக்க வியர்வையும் விபூதியும். தகப்பன் தோளில் உட்கார்ந்திருந்த ஒரு வாண்டு அவரைப் பார்த்து, "என்கவுண்டர் ஏகாம்பரம்!" என்று கத்தியது. தகப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "சின்னப் பையன் சார், தெரியாம..." என்று குழறினார். காவலர் ஒரு நிமிடம் முறைத்தார். பிறகு கயிற்றை விடாமலே நெஞ்சை நிமிர்த்தி, தொப்பியைச் சரிசெய்து, அந்த வடிவேலு விறைப்பை அப்படியே செய்து காட்டினார். வரிசையே சிரித்தது. "பையனைக் கீழ இறக்கிடாதீங்க, கூட்டம் நெட்டுது, ஓரமா வாங்க" என்று வழிவிட்டார்.

அந்தக் காவலருக்கு யார் மேலும் கோபமில்லை, பையனுக்கு அவரிடம் பயமில்லை, கயிறும் அறுந்துவிடவில்லை. இதில் எது கெட்டுப்போயிற்று என்று தலைமை ஆசிரியர்தான் சொல்ல வேண்டும்.

இதை அச்செடுத்து நாளைக் காலை பொய்கைக்கரையில் அவர் கையில் கொடுக்கப் போகிறேன். சிவப்பு மையில் என் ஒற்றுப் பிழைகளையெல்லாம் திருத்திவிட்டுத்தான் திருப்பித் தருவார். டீ இந்த முறை என் கணக்கு.