மடி பத்திரமான இடமா?



ஏறக்குறைய 30 ஆண்டுகளாக வைத்தியம் பார்த்து வருகிறேன். பிறருக்குப் புத்தி சொல்வது என் தொழிலிலேயே சேர்ந்த காரியம். ஆனால் இன்று எழுதப் போவது நான் செய்த தவறு ஒன்றைப் பற்றி. இதே தவறு நம் அங்கத்தினர் வீடுகளில் வாரந்தோறும் நடப்பதைக் கோயில் வாசலில் நின்றே பார்க்கிறேன். ஆகவேதான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு தைப்பூசத்துக்குப் பெகு சென்று திரும்பிக் கொண்டிருந்தோம். கார் என்னுடையது, ஓட்டியவனும் நானே. முன் ஆசனத்தில் என் மனைவி, அவள் மடியில் என் தம்பியின் பேத்தி, 2 வயதுச் சிறுமி. பின்னால் தம்பி, அவன் மனைவி, மகள், பிரசாதக் கூடைகள். திடீரென்று ஒரு நாய் குறுக்கே ஓடியது. பிரேக்கை அழுத்தினேன். வேகம் 25 மைல் கூட இராது. எதன் மீதும் மோதவில்லை, நாயும் தப்பித்தது. ஆனால் குழந்தை மடியிலிருந்து பிய்த்துக்கொண்டு போய் டாஷ்போர்டில் நெற்றி மோதி விழுந்தது. அன்றிரவு அந்த நெற்றியில் 4 தையல் போட்டவன் நானே. தையல் போடும்போது என் மனைவி அருகில் நின்று, “நான் கெட்டியாத்தானே புடிச்சிருந்தேங்க?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அவன் சொல்லாமல் இருந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அவள் கெட்டியாகத்தான் பிடித்திருந்தாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியானால் குழந்தை எப்படிப் போயிற்று? இதற்குப் பதில் சொல்வதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

கார் 30 மைல் வேகத்தில் போகும்போது உள்ளே இருக்கும் நாமும் அதே 30 மைல் வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறோம். கார் எதிலாவது மோதி நின்றாலும் நம் உடம்பு நிற்பதில்லை. ஏதாவது ஒன்று பிடித்து நிறுத்தும் வரை அதே வேகத்தில் முன்னால் போகும். 10 கிலோ எடையுள்ள குழந்தையை, நம் கடைத்தெருக் கணக்கில் சுமார் 6 வீசை உள்ள குழந்தையை, அந்த ஒரு கணத்தில் பிடித்து நிறுத்த அதன் எடையைப் போல் ஏறக்குறைய 20 மடங்கு பலம் வேண்டும். அதாவது 120 வீசை, சுமார் 4 மூட்டை அரிசி. எந்தத் தாயின் கை 4 மூட்டை அரிசியை அந்தரத்தில் பிடித்து நிறுத்தும்? பட்டை அணியாத தாயானால் அவளும் சேர்ந்தே முன்னால் பாய்வாள். குழந்தை டாஷ்போர்டுக்கும் தாயின் உடம்புக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்ளும். சொல்லவே நா கூசுகிறது. ஆனால் உண்மை அதுதான்.

இன்னொரு விதமாகவும் சொல்லலாம். 30 மைல் வேகத்தில் மோதுவது 30 அடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். நம் யாங்கூன் நகரத்து அடுக்கு வீடுகளில் மூன்று மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பால்கனிகளில் நாம் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறோம்! கீழே தொங்கும் கயிற்றில் பத்திரிகையை இழுத்து எடுக்கும்போது கூட, “பிள்ளையை உள்ளே வை” என்று கத்துகிறோம். கம்பி வலை அடிக்கிறோம். அதே பிள்ளையைக் காரின் முன் ஆசனத்தில் எழுந்து நிற்க விட்டு, “வேடிக்கை பார்க்கட்டும்” என்கிறோம். உயரம் கண்ணுக்குத் தெரிகிறது, வேகம் தெரிவதில்லை. வித்தியாசம் இவ்வளவுதான்.

நம் ஊருக்கே உரிய அபாயம் ஒன்றும் உண்டு. 1970 டிசம்பர் 6 அன்று பர்மாவில் வாகனங்கள் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றப்பட்டன. ஆனால் அதற்குப் பின் வந்த கார்களில் மிகப் பெரும்பாலானவை ஜப்பானில் ஓடிய பழைய கார்கள். அவற்றின் ஸ்டியரிங் வலப்பக்கத்தில் இருக்கிறது. 2017 முதல் இறக்குமதி விதியை மாற்றினார்கள் என்றாலும், நம் தெருக்களில் இன்னும் அந்தக் கார்கள் ஏராளம். விளைவு என்ன? ஓட்டுபவர் நடைபாதை ஓரம் உட்காருகிறார். பக்கத்து ஆசனத்தில் இருப்பவர் நடுச்சாலைப் பக்கம், எதிரே வரும் வண்டிக்கு நேராக உட்காருகிறார். முந்திச் செல்லும்போது எதிரே வருவது ஓட்டுபவருக்குத் தெரியாமல், “ஏதாவது வருதா பாரு” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கும் வழக்கம் நமக்கெல்லாம் தெரிந்ததே. நேருக்கு நேர் மோதினால் முதல் அடி அந்த ஆசனத்துக்குத்தான். நாமோ மரியாதை என்று கருதி, கைக்குழந்தைக்காரியை அழைத்து அதே ஆசனத்தில் உட்கார வைக்கிறோம்!

இறங்கும்போதும் இதே கதைதான். காரின் இடப்பக்கக் கதவு ஓடும் வண்டிகளின் பக்கம் திறக்கிறது. சில பழைய ஜப்பான் வேன்களில் பின் கதவு இடப்பக்கம் மட்டுமே உண்டு. அங்கே ஜப்பானில் அது நடைபாதைப் பக்கம், இங்கே அது நடுச்சாலை. ஆகவே குழந்தைகளை எப்போதும் வலப்பக்கம் ஏற்றி, வலப்பக்கமே இறக்க வேண்டும். அதற்கு வழியில்லாத வண்டியானால் பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி நின்று, கையைப் பிடித்து இறக்க வேண்டும்.

“அப்படியானால் மடியில் வைக்காமல் வேறெங்கே வைப்பது?” என்று தாய்மார்கள் கேட்பார்கள். இந்தக் கேள்வி உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்தில் ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை வைத்தியர் பல ஆண்டுகள் பாடுபட்டார். அதன் பலனாக, காரில் சிறு குழந்தைகளை அதற்கென்று உள்ள ஆசனத்தில்தான் உட்கார வைக்க வேண்டும் என்ற சட்டம் 1977-இல் அங்கே நிறைவேறி, 1978 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அந்நாட்டிலேயே இதுதான் முதல் சட்டம். ஆனால் சட்டசபையில் சிலர், “தாய் கையில் வைத்திருந்தால் போதும்” என்று ஒரு விதிவிலக்கைச் சேர்த்துவிட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சாண்டர்ஸ் விடவில்லை. குழந்தையை நசுக்கும் விலக்கு என்று பெயரெடுத்த அதை 1981-இல் நீக்கவும் செய்தார்கள். 1985-க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இத்தகைய சட்டம் வந்துவிட்டது. தாயின் அன்பை யாரும் குறைத்து மதிப்பிடவில்லை. தாயின் கைப்பலத்தை மட்டும் சரியாகக் கணக்கிட்டார்கள்.

நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில், 1.35 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைகளுக்குச் சொந்தக் காரில் தகுந்த ஆசனம் கட்டாயம். மலேசியாவில் 2020 முதல் கட்டாயம். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை பட்டையோ குழந்தை ஆசனமோ இல்லாமல் பிரயாணம் செய்தால் 1,000 ரூபாய் அபராதம். முறையான ஆசனத்தால் கைக்குழந்தைகளின் மரணம் 71 சதவீதம் வரை குறையும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2021-இல் உலகில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் எந்த வியாதிக்கும் இல்லை, சாலை விபத்துக்குத்தான்.

இனி, வைத்தியன் என்ற முறையில் சில குறிப்புகள்.

கைக்குழந்தைக்குத் தலை பெரிது, கழுத்து மெலிது. ஆகவே அதை உட்கார வைக்கும் ஆசனம் காரின் பின்பக்கம் பார்த்தபடி இருக்க வேண்டும். மோதும்போது அடியை முதுகு முழுவதும் பங்கிட்டுக்கொள்ளும், கழுத்து தப்பிக்கும். குறைந்தது ஒன்றேகால் வயது வரை, முடிந்தால் அதற்கு மேலும், இப்படியே போகலாம். அந்த ஆசனத்தைக் காற்றுப் பை உள்ள முன் இடத்தில் ஒருபோதும் வைக்கக்கூடாது. வெடித்து விரியும் பையே குழந்தையைக் கொன்றுவிடும்.

பிறகு சுமார் 4 வயது வரை தோள்வார் உள்ள குழந்தை ஆசனம். அதற்கு மேல், 4 அடி 9 அங்குல உயரம் வரும் வரை, பிள்ளையைச் சற்று உயர்த்தி வைக்கும் திண்டு ஆசனம். ஏன் உயர்த்த வேண்டும்? பெரியவர்களுக்கான பட்டை சிறு பிள்ளைக்குக் கழுத்திலும் வயிற்றிலும் விழுகிறது. மோதும்போது அது குடலையும் முதுகெலும்பையும் காயப்படுத்தும். பட்டை இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகக் கிடக்க வேண்டும். சுலபமாக நினைவில் வைக்க ஒரு வழி சொல்கிறேன்: அரைஞாண் கயிறு கிடக்கும் இடத்தில்தான் பட்டையும் கிடக்க வேண்டும்.

தாயையும் குழந்தையையும் சேர்த்து ஒரே பட்டையில் கட்டுவது மடியை விட மோசம். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பட்டையும் ஆகாது. ஆசனம் இல்லாவிட்டால், பட்டை தோளிலும் இடுப்பிலும் பொருந்தும் அளவு வளர்ந்த பிள்ளையைப் பின் ஆசனத்தில் தனிப் பட்டையில் உட்கார வையுங்கள். கைக்குழந்தைக்கு மட்டும் ஆசனம் இல்லாமல் பத்திரமான வழி கிடையாது. அவசியமற்ற நெடும் பயணத்தைத் தள்ளிப்போடுவதே புத்திசாலித்தனம்.

பெரியவர்களும் பின் ஆசனத்தில் பட்டை அணிய வேண்டும். 2022 செப்டம்பர் 4 அன்று, டாட்டா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி, மும்பைக்கு வரும் வழியில் பால்கர் அருகே கார் விபத்தில் காலமானதை எல்லோரும் படித்திருப்பீர்கள். நல்ல கார்தான். முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள், பின்னால் இருந்த இருவரும் இறந்தார்கள். பின்னால் இருந்தவர்கள் பட்டை அணிந்திருக்கவில்லை என்று காவல்துறையினர் தெரிவித்தனர். பின்னால் பட்டையின்றி இருக்கும் பெரியவர், மோதும்போது முன்னால் இருக்கும் பிள்ளையின் மீதே வந்து விழுவார் என்பதையும் மறக்கக்கூடாது.

பெகுவிலிருந்து வந்த மறுநாள் என் காரின் பின் ஆசனத்தைப் பார்த்தேன். பட்டைகள் இருந்தன. ஆனால் அவற்றை மாட்டும் கொக்கிகளைக் காணோம். நான் ஆசையாகத் தைத்துப் போட்ட சீட் கவருக்கு அடியில் அத்தனை வருஷமும் அவை புதைந்து கிடந்திருக்கின்றன! கத்தரிக்கோலால் கிழித்து வெளியே எடுத்தேன். உங்கள் காரிலும் இன்றே பாருங்கள்.

“எல்லாம் விதிப்படி நடக்கும் டாக்டர்” என்று சில பெரியவர்கள் என்னிடம் சொல்கிறார்கள். பக்தியில் நானும் அவர்களுக்குக் குறைந்தவன் அல்லேன். புதுக் கார் வாங்கினால் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம் பழம் வைத்துத்தான் எடுக்கிறேன். நம் பர்மியச் சகோதரர்களும் மிங்கலாடோனில் உள்ள ஷ்வே ஞௌங் பின் சன்னிதிக்குப் புது வண்டியைக் கொண்டுபோய் வேண்டிக்கொள்கிறார்கள். வேண்டுவது நல்லதே. ஆனால் குழந்தைக்கு அரைஞாணும் காப்பும் கட்டும்போது, “எல்லாம் விதி” என்று நாம் சும்மா இருப்பதில்லையே? காப்பு கட்டிய கை பட்டையையும் கட்டட்டும்.

நம் நிர்வாகக் கமிட்டிக்கு மூன்று யோசனைகளைத் தாழ்மையுடன் சமர்ப்பிக்கிறேன். முதலாவது, திருவிழாவுக்கும் யாத்திரைக்கும் சங்கம் அமர்த்தும் வண்டிகளில் குழந்தைகளைத் திறந்த லாரியிலோ பிக்கப்பின் பின்தட்டிலோ ஏற்றுவதில்லை என்று தீர்மானம் செய்ய வேண்டும். இரண்டாவது, கலியாணத்துக்கு அண்டாவும் ஜமக்காளமும் இரவல் கொடுப்பது போல, குழந்தை ஆசனங்கள் நான்கைந்து வாங்கி வைத்து, ஊருக்குப் போகும் குடும்பங்களுக்குக் கொடுத்து வாங்கலாம். சிங்கப்பூர், மலேசியாவில் பந்துக்கள் உள்ளவர்கள், அங்கே பிள்ளைகள் வளர்ந்து சும்மா கிடக்கும் ஆசனங்களைக் கேட்டு வாங்கி வரலாம். ஆனால் விபத்துக்குள்ளான ஆசனமும், கெடு முடிந்த ஆசனமும் வேண்டாம். முதல் ஆசனம் என் உபயமாக இருக்கட்டும். மூன்றாவது, ஆசனத்தைச் சரியாகக் கட்டுவது எப்படி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பூஜைக்குப் பின் செய்து காட்ட நான் தயார்.

தம்பி பேத்தி இப்போது நன்றாக இருக்கிறாள். நெற்றித் தழும்பைத் தலைமுடி மறைத்துவிட்டது. என் காரில் ஏறினால் பின்னால் தன் ஆசனத்தில் தானே போய் உட்கார்ந்து, “தாத்தா, பட்டை” என்கிறாள். என் மனைவி மட்டும் இன்னும் எப்போதாவது அதே கேள்வியைக் கேட்கிறாள். அவளுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: நீ பிடித்ததில் குறை ஒன்றும் இல்லை. உன் கையை நம்பி வண்டியை எடுத்தேனே, குறை என்னுடையது.

எல்லாம் வல்ல இறைவன் நம் குழந்தைகள் அனைவரையும் காத்தருள்வாராக.