சட்டத்திற்கு முந்திய காவல்

2024 ஜனவரி 24ஆம் திகதி நமது பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை ஆதரவாக 108, எதிராக 62 என்னும் வாக்குகளால் நிறைவேற்றியது. ஐவர் கொண்ட ஆணைக்குழுவொன்றுக்கு அச்சட்டம் வழிசெய்கின்றது. அது மக்களைக் காக்குமா, பேச்சுரிமையை நெரிக்குமா என்ற வாதம் நாடெங்கும் எழுந்தது. வேண்டிய வாதமே. ஆயினும், ஆசிரியர்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறொன்று என நான் கருதுகிறேன். சட்டம் வந்து சேருமுன், பிள்ளையின் கையிலுள்ள தொலைபேசிக்குக் காவல் யார்?

இக்கேள்வியின் கூர்மையைக் கிழக்கு மாகாணம் பட்டறிந்திருக்கின்றது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு, நமது அயலாகிய அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாக ஒரு வதந்தி கிளம்பிற்று. கும்பலின் அச்சுறுத்தலுக்கு நடுவே ஊழியர் ஒருவர் அதனை ஒப்புக்கொள்வதுபோலத் தோன்றிய காணொளி முகநூலில் பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்குண்டன. உணவிற் கிடந்தது மாவுக் கட்டியே என்பது அரச இரசாயனப் பகுப்பாய்வில் பின்னர் தெளிவாயிற்று. உண்டவரை நிரந்தர மலடாக்கும் அத்தகைய மாத்திரை மருத்துவ உலகில் இல்லவே இல்லை. கண்டி மாவட்டத்திலும் வன்முறை மூண்டபின், மார்ச் 7ஆம் திகதி அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. பொய்க்கு ஓர் இரவு போதுமாயிருந்தது. மெய்க்கோ நாட்கள் பல வேண்டியிருந்தன. அந்த இடைவெளியை எச்சட்டத்தாலும் முற்றாக அடைக்க இயலாது. "இது இயலுமா? யார் சொன்னது?" என்று ஒரு கணம் தயங்கும் மனத்தால் மட்டுமே இயலும். அம்மனம் உருவாகுமிடம் வகுப்பறை அன்றோ?

நம் வாவிக்கரைக்கு இத்தொலைபேசி வந்த வழியையும் எண்ணிப் பார்க்கவேண்டும். வீடுகள் பலவற்றில் அது மத்திய கிழக்கில் உழைக்கும் தாயின் குரலாக நுழைந்தது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது அதுவே வகுப்பறையுமாயிற்று. மண்முனைத்துறையில் முன்பு பாதையிலேதான் வாவியைக் கடந்தோம். வருவோர் போவோர் யாரென்பதைத் துறையில் நின்றவர் அறிவார். 2014இல் பாலம் வந்தது; படுவான்கரைக்குப் பெருநன்மை விளைந்தது. எனினும் பாலத்தைக் கடப்பவரை எவரும் முகம்பார்த்து விடுவதில்லை. இணையமும் அத்தகைய பாலமே. அதனை இடித்துவிடச் சொல்வது அறிவுடைமையாகாது. நடக்கும் முறையைக் கற்பித்தலே கடன்.

அம்முறை அரிய வித்தையன்று. வட்ஸ்அப் கணக்கைப் புதிய கருவியில் தொடங்கும்போது, உரியவரின் தொலைபேசிக்கு ஆறு இலக்கக் குறியீடொன்று வரும். "தவறுதலாக உங்களுக்கு வந்துவிட்டது, அனுப்பிவிடுங்கள்" என்று கேட்பவர் நண்பரின் பெயரில் வந்தாலும், அதிபரின் பெயரில் வந்தாலும், கொடுத்தல் ஆகாது. கொடுத்தால் கணக்குப் பறிபோகும். பின்னர் நம் பெயராலேயே பிறரிடம் பணம் கேட்கப்படும். இரட்டைச் சரிபார்ப்பு என்னும் இரண்டாம் பூட்டை இட்டுவைத்தால், குறியீடு ஒன்றைக்கொண்டு மட்டும் எவரும் உட்புக இயலாது. பரீட்சை அனுமதி அட்டையையும் பெறுபேற்றுத் தாளையும் பெருமையுடன் முகநூலில் இடுகின்றோம். சுட்டெண்ணும் அடையாள அட்டை இலக்கமும் அவற்றோடு ஊருக்குப் போகின்றன. புள்ளிப் பட்டியலை வகுப்புக் குழுவில் இடும் ஆசிரியர், பின்தங்கிய பிள்ளையின் மானத்தையும் உடன் இடுகின்றார்.

இவை யாவும் கைக்குரிய பழக்கங்கள். மனத்திற்குரிய காவல் ஒன்றுண்டு, அதுவே தலையாயது. ஒரு மாணவியின் படத்தைக் கைப்பற்றியவன் அவளை மிரட்டுகிறான் எனக் கொள்வோம். அவனுடைய முதல் படமன்று, அவளுடைய அச்சம். "வீட்டில் அறிந்தால் அடிப்பார்கள், பாடசாலையில் அறிந்தால் பழிப்பார்கள்" என்று அவள் நம்பும்வரையில் அவன் கேட்டதெல்லாம் பெறுவான். ஒருமுறை பணம் கொடுத்தாலும் மறுமுறை கேட்பான். அவள் ஒருவரிடம் வாய்திறந்த கணமே அவன் வலிமை பாதியாகும். செய்திகளை அழிக்காமற் சான்றாக வைத்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்னும் இலக்கத்திற்கு அறிவிக்கலாம். ஆனால் அந்த இலக்கத்தை அழுத்துவதற்கு முன்னர், பிள்ளைக்கு ஒரு மனித முகம் வேண்டும்.

நம் பாடசாலைகளில் இன்றும் பெரும்பாலும் நடப்பதென்ன? தொலைபேசி அகப்பட்டாற் பறிமுதல். தவறு தெரிந்தால் முழு வகுப்பின் முன் விசாரணை. இதனைக் காணும் மற்றைய பிள்ளைகள் கற்கும் பாடம் ஒன்றே: அகப்படாமல் மறைத்துக்கொள். மிரட்டுபவன் விரும்புவதும் அதனையே. ஒழுக்கத்தின் பெயரால் நாமே அவனுக்குத் துணைபோகலாமா?

ஆகவே, தவணைக்கு ஒரு பாடவேளையை ஒவ்வொரு பாடசாலையும் இதற்கென ஒதுக்கவேண்டும் என்பது என் கோரிக்கை. கணினி அறையும் நிபுணரும் வேண்டியதில்லை. கடவுச்சொல்லைப் பற்றிப் பேசுமுன் ஆசிரியர் ஒரு வாக்குறுதியை அளிக்கட்டும்: "உங்களுக்கு என்ன நேர்ந்தாலும் முதலில் என்னிடம் சொல்லலாம், நான் உங்களை இகழமாட்டேன்." அவ்வாக்கை ஆசிரியர் காப்பாற்றுவாராயின், வேறெந்தப் பூட்டிலும் அது வலியது.