பத்து சார்ஜர் பிரச்னை இல்லை, ஒரு கெட்டில்தான் பிரச்னை

ஊரிலிருந்து பெங்களூருக்கு வரும் பெரியவர்கள் டி.வி.க்குப் பின்னால் எட்டிப் பார்த்ததும் சொல்லும் வசனம் ஒன்று உண்டு. "ஏம்ப்பா, ஒரே பிளக்குல இத்தனையச் செருகி வெச்சிருக்கியே, எரிஞ்சிடப் போகுது!" நல்ல அக்கறைதான். ஆனால் அதே பெரியவர்கள் வெந்நீர் கெட்டிலை அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருக யோசிப்பதில்லை. எத்தனை சாதனம் என்று எண்ணிப் பயப்படுகிறோம், எத்தனை வாட்ஸ் என்று பார்ப்பதில்லை. இது தலைகீழான பயம் என்பது என் கட்சி.

கணக்கைப் பார்த்துவிடலாம். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். சின்ன சாக்கெட் 6 ஆம்பியர். இரண்டையும் பெருக்கினால் 1,380 வாட்ஸ், அவ்வளவுதான் அதன் தாங்கும் சக்தி. பெரிய சாக்கெட் 16 ஆம்பியர், அதாவது 3,680 வாட்ஸ்.

இப்போது ஒரு பொட்டி தட்டும் குடும்பத்தின் ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு லேப்டாப் 130, மானிட்டர் 30, இரண்டு போன் சார்ஜர் 40, டி.வி. 100, செட்டாப் பாக்ஸ் 15, இன்டர்நெட் பெட்டியும் வைஃபை ரௌட்டரும் 22, ஸ்பீக்கர் 30, டேபிள் லேம்ப் 10. எல்லாம் தோராயம்தான். பதினொரு சாதனங்கள், மொத்தம் 377 வாட்ஸ். இரண்டு ஆம்பியர்கூட இல்லை. ஒழுங்கான ஒரு பாக்ஸ் இருந்தால் ஒரே பாயின்ட்டில் இத்தனையும் ஓடலாம்.

மாறாக, கெட்டில் ஒன்றே 1,500 வாட்ஸ். இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வரை. பக்கெட்டில் போடும் வாட்டர் ஹீட்டர் ராடு 1,500. இதில் ஏதாவது ஒன்று போதும், 6 ஆம்பியர் தாண்டிவிட்டது. அயர்ன் பாக்ஸ் 1,000 என்பதால் தனியாகத் தப்பிக்கும், கூடவே மிக்ஸி ஓடினால் தப்பிக்காது. சூடாக்குவதற்கென்றே செய்யப்பட்ட எதுவும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஏறக் கூடாது. இந்த ஒரு விதியை மட்டும் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசி ஆபத்து போய்விடும்.

"அதான் எம்.சி.பி. இருக்கே, டிரிப் ஆகிடுமே" என்பார்கள். எம்.சி.பி. காவல் காப்பது சுவருக்குள் இருக்கும் ஒயரை. உங்கள் பாக்ஸின் ஒல்லி ஒயரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. 16 ஆம்பியர் எம்.சி.பி. உள்ள லைனில் 6 ஆம்பியர் பாக்ஸைச் செருகி 12 ஆம்பியர் இழுத்தால், எம்.சி.பி. சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். ஒயர் உருகும். கரண்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்ததுதான், பரீட்சையோடு மறந்துவிட்டோம். பிளக் லூசாக ஆடினால் இன்னும் மோசம், அந்த ஒரு இடத்திலேயே சூடு சேரும். பழுப்புக் கறை, கருகிய வாசனை, சர்ர்ர் என்ற சத்தம், இதில் எது வந்தாலும் அந்தப் பாயின்ட்டின் கதை முடிந்தது என்று அர்த்தம்.

பாக்ஸின் துளை பெரிதாக இருந்து பெரிய பிளக் நுழைந்துவிட்டால் அது 16 ஆம்பியர் பாக்ஸ் ஆகிவிடாது. பின்னால் திருப்பி எழுத்தைப் படியுங்கள். பெரிய பிளக்கைச் சின்ன சாக்கெட்டில் நுழைக்க உதவும் கன்வர்ட்டரை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். ஒரு பாக்ஸிலிருந்து இன்னொரு பாக்ஸ், அதிலிருந்து இன்னொன்று என்று ரயில் விடாதீர்கள். ஸ்பைக் பஸ்டர் என்று எழுதியிருந்தாலும் சுவரில் எர்த் ஒழுங்காக இல்லாவிட்டால் அது பாதி வேலைகூடச் செய்யாது.

சரி, இதெல்லாம் ஏன் பெங்களூரில் எனக்கு அதிகமாகக் கண்ணில் படுகிறது? இந்த ஊருக்கு மின்விளக்கு 1905-லேயே வந்துவிட்டது. அதற்கும் மூன்று வருடம் முன்பே, 1902-ல், சிவனசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம், நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் உழைத்த கோலார் தங்கவயலுக்குப் போனது. இத்தனை பழைய கரண்ட் உள்ள ஊரில், நான் இருந்த நான்கு வாடகை வீடுகளிலும் ஹாலுக்கு ஒரே ஒரு பிளக் பாயின்ட். ஒரு படுக்கையறைக்கே இரண்டு மூன்று சின்ன சாக்கெட்டும் ஒரு பெரிய சாக்கெட்டும் வேண்டும் என்று நேஷனல் எலக்ட்ரிக்கல் கோட் பரிந்துரைக்கிறது. கட்டியவர் படித்த மாதிரி தெரியவில்லை.

2020-ல் எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க ஆரம்பித்த பிறகு அந்த ஒரு பாயின்ட்டின் பாரம் கூடியது. இப்போது மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிட்டு, கீழே எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு மணிக்கணக்கில் சார்ஜ் போடுகிறார்கள். மிக்ஸி இரண்டு நிமிடம் ஓடும், ஸ்கூட்டர் இரவெல்லாம் இழுக்கும். பி.ஜி. அறைகள் தனிக் கதை. டிசம்பர் குளிரில் ஓனருக்குத் தெரியாமல் ராடு போடும் பிள்ளைகள் உண்டு. நம் வீட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. 2023-ல் வந்த கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை கரண்ட் இலவசமாக இருக்கலாம். ஒயருக்கு அந்தச் சலுகை தெரியாது :-)

தீ என்றால் என்ன என்று இந்த ஊர் 2010 பிப்ரவரி 23-ல் பார்த்தது. பழைய விமான நிலையச் சாலையில் கார்ல்டன் டவர்ஸ் கட்டடத்தில், மின் கேபிள்கள் போகும் பாதையில் தொடங்கிய தீயும் புகையும் 9 பேரைக் கொன்றன. அது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கதை அல்ல. ஆனால் அடுக்குமாடியில் கருகும் ஒயரின் புகை எத்தனை வேகமாக மாடி ஏறும் என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. உங்கள் பாக்ஸ் உங்கள் தலைமேல் மட்டும் எரியாது, மூன்றாம் மாடிக் குழந்தையையும் சேர்த்துத்தான்.

பிறகு ஏன் நாம் ஒரு பாயின்ட் கூடுதலாகப் போடுவதில்லை? காரணம் கஞ்சத்தனம் மட்டுமல்ல. "அடுத்த வருஷம் காலி பண்ணப் போறோம், அடுத்தவன் சுவத்துக்கு நாம ஏன் செலவு பண்ணணும்?" இந்த வாக்கியத்தைச் சொல்லியே பலர் பத்து பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டார்கள். ஊருக்குத் திரும்பப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு இங்கே எல்லாவற்றையும் தற்காலிகமாகவே வைத்திருக்கிறோம். கட்டில் தற்காலிகம், அலமாரி தற்காலிகம், ஒயரிங்கும் தற்காலிகம். குழந்தை பிறந்து வளர்வது மட்டும் நிரந்தரமாக நடந்துகொண்டிருக்கிறது.

அதனால் நான் சொல்வது இதுதான். வீடு பார்க்கும்போது தண்ணீர், பார்க்கிங் கேட்பதுபோல் சாக்கெட்டையும் எண்ணுங்கள். அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்பு கேட்டால்தான் ஓனர் காதில் விழும். கிச்சனில் இரண்டு பெரிய பாயின்ட், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., ஒழுங்கான எர்த், இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஓனரிடம் சொல்லிவிட்டு, நம் காசிலேயே லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுவிடுவோம். போகும்போது அதை எடுத்துக்கொண்டு போக முடியாதுதான். அடுத்து வரும் குடும்பம் அனுபவிக்கட்டுமே. அவர்களும் எங்கிருந்தோ பஸ் ஏறி வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

டிஸ்கி: நான் எலக்ட்ரீஷியன் அல்ல. சுவரைத் திறக்கும் வேலையை இந்தப் பதிவைப் படித்துவிட்டு நீங்களே செய்யாதீர்கள். ஒயர் தீப்பிடித்தால் முதலில் மெயினை அணையுங்கள், தண்ணீர் ஊற்றவே ஊற்றாதீர்கள்.